மொறிஸ் மைனரில் பிறேக் பெடல் பஞ்சாய் இறங்கினால்

நாவற்குழிப் பாலத்துக்குச் சற்று முன்னால் மாடொன்று வீதியைக் கடந்தது. நான் வழக்கம்போலக் காலை வைத்தேன். பெடல் பாதி தூரத்துக்கு ஒன்றுமே இல்லாததுபோலப் போனது. அதற்குப் பிறகு ஈரத் தலையணையை மிதித்ததுபோல இருந்தது. அவசரமாக இன்னொருமுறை மிதித்தபோதுதான் மேலே பிடித்தது. மாடு தப்பியது. பின் சீற்றில் அம்மா இருந்தார். கண் காட்டுவதற்கு யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போன நாள் அது. மிச்சத் தூரம் முழுக்க இரண்டாம் கியரில், ஹாண்ட் பிறேக்கில் ஒரு கையை வைத்தபடி ஓட்டினேன்.

கார் ஐயா வாங்கியது. 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. நான்கு சில்லுக்கும் ஏழு அங்குல ட்றம், அதாவது சில்லோடு சுழலும் இரும்புக் கிண்ணம். 1962 இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோதுதான் முன் ட்றம் எட்டு அங்குலமாகியது. மிதிக்கிற பலத்தை எஞ்சின் உதவியால் கூட்டும் பூஸ்ரர் கிடையாது. முக்கியமான விசயம், முழு பிறேக்குக்கும் ஒரே ஒரு ஒயில் வழிதான். இப்போதைய காரில் ஒரு வழி போனாலும் மற்றது பாதி பிறேக்காவது தரும். இதில் ஒரு றபர் கிழிந்தாலோ ஒரு பைப் உக்கினாலோ நான்கு சில்லும் ஒன்றாகப் போகும். ஹாண்ட் பிறேக் கேபிளில் இயங்குவதால் அது மட்டும் மிஞ்சும், அதுவும் பின் சில்லுகளுக்கு மாத்திரம். ஆகவே பெடல் மெதுத்துவிட்டதென்றால் காரணம் தெரியும்வரை காரை வீதிக்கு எடுக்காதீர்கள். கடைக்குப் போய்வரும் தூரம்தானே என்றும் எடுக்காதீர்கள்.

அந்த நாளுக்குப் பிறகு மூன்று கிழமை இந்தக் காரோடு மல்லுக்கட்டினேன். இரண்டு லீற்றர் பிறேக் ஒயில் வீணாய்ப் போனது. காரணம், பெடல் பஞ்சாய் இருக்கிறதென்றால் உள்ளே காற்று நிற்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே நம்பி, எயர் எடுத்தேன், திரும்ப எடுத்தேன், திரும்பவும் எடுத்தேன். என் காரில் காற்று இருக்கவேயில்லை. நீங்கள் அந்த மூன்று கிழமையையும் இழக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எயர் எடுக்கிற வேலை கடைசிக்குக் கிட்ட வரவேண்டியது.

முதலில் காலால் கேளுங்கள்

எங்கள் ஊரில் ஒஸ்ரின், மொறிஸ் என்று நாற்பது வருடத்துக்கு மேல் திருத்திய ஒரு அண்ணை இருக்கிறார். இப்போது கராஜ் வைத்திருக்கவில்லை, கைநடுக்கம். கடைசியில் அவரிடம்தான் போனேன். காரைப் பார்க்க முன்னமே கேட்டார்: "தம்பி, பெடல் எப்பிடி இறங்குது எண்டு முதல் சொல்லு. கீழ போய்க் கல்லா நிக்குதோ, ஸ்பிறிங் மாதிரித் துள்ளுதோ, இல்லாட்டி மெல்ல மெல்லக் களவா இறங்குதோ?" எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று கிழமை மிதித்தும் கவனித்திருக்கவில்லை.

அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வருத்தங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, அமைதியான இடத்தில் இருந்து மிதித்துப் பாருங்கள். பூஸ்ரர் இல்லாத கார் என்பதால் எஞ்சின் ஓடத் தேவையில்லை.

பெடல் நிறையத் தூரம் இறங்கி, கீழே போனதும் கல்லுப்போல நிற்கிறது. இரண்டு மூன்றுமுறை அடுத்தடுத்து மிதித்தால் மேலே வந்து அங்கேயும் கல்லுப்போல நிற்கிறது என்றால், அது மெதுமை இல்லை, தூரம். ட்றத்தை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த இரும்பான பிறேக் சூவுக்கும் ட்றத்துக்கும் இடையில் இடைவெளி கூடிவிட்டது. சூவை ட்றத்துக்குக் கிட்டக் கொண்டுவரும் அஜஸ்ரரைத் திருப்பினால் பெரும்பாலும் சரிவரும்.

எங்கே நின்றாலும் ஸ்பிறிங்போல உள்வாங்குகிறது, காலை அழுத்த அழுத்த இன்னும் கொஞ்சம் போகிறது, விட்டால் தள்ளிக்கொண்டு வருகிறது என்றால், எங்கேயோ ஏதோ அமுங்குகிறது அல்லது வளைகிறது. அது காற்றாக இருக்கலாம். ஊதிப்போன பழைய ஹோஸாக, அதாவது வளையக்கூடிய றபர்க் குழாயாக இருக்கலாம். சூவின் மேல் ஒட்டி ட்றத்தில் உரசும் லைனிங், ட்றத்தோடு பொருந்தாததாகவும் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தை அநேகம் பேர் நினைப்பதேயில்லை.

காலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போகிறது என்றால் ஒயில் எங்கேயோ தப்பி ஓடுகிறது. வெளியே ஈரம் தெரிந்தால் ஒழுக்கு. ஈரமே இல்லையென்றால், பெடல் மிதிக்க ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டருக்குள், ஒயிலை அடைத்து நிற்கும் கப் றபரைத் தாண்டிப் பின்னுக்குப் போகிறது.

இரண்டு வருத்தம் ஒன்றாக இருப்பதும் உண்டு. என் காரில் முதலாவதும் இரண்டாவதும் கலந்திருந்தன.

ஈரம் தேடுவது

இது பத்து நிமிட வேலை. ஆனால் முதல் வேலை. நான்கு ரயரினதும் உள்பக்கச் சுவர், சூ பூட்டியிருக்கும் தகடான பாக் பிளேற்றின் கீழ் விளிம்பு, மூன்று ஹோஸ்கள் (முன்னுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று), காரின் அடியால் ஓடும் பைப் முழுவதும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களை விரலால் தடவுங்கள். கடற்காற்றும் உப்புத்தண்ணீரும் படுகிற எங்கள் ஊரில் இரும்புப் பைப் கிளிப்புக்குக் கீழேதான் முதலில் உக்கும், மேலால் பார்க்கத் தெரியாது. மாற்ற வேண்டி வந்தால் செப்பு நிக்கல் கலந்த பைப்பைப் போடுங்கள், துருப்பிடிக்காது.

பைப் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. மைனரின் பைப் நட் எட்டில் மூன்று அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 24 புரி. ஜப்பான் கார்களில் வருவது 10 மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் புரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பத்து மில்லிமீற்றர் நட்டை மைனரின் சிலிண்டரில் ஸ்பனரால் பலவந்தமாக ஏற்றினால் ஏறிவிடும், புரியைத் தின்றுகொண்டு. கையால் மூன்று சுற்றுப் போகாத நட்டை எக்காரணம் கொண்டும் ஸ்பனரால் இறுக்காதீர்கள்.

அஜஸ்ரர்

மைனரில் மொத்தம் ஆறு அஜஸ்ரர்கள். முன் சில்லில் இரண்டு வீல் சிலிண்டர், ஒவ்வொரு சூவையும் ஒவ்வொன்று தள்ளும், ஆகவே பக்கத்துக்கு இரண்டு அஜஸ்ரர். பின்னுக்குப் பக்கத்துக்கு ஒன்று. முன்னால் ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை மறந்துபோகிறவர்கள் நிறையப்பேர். மறந்தால் அந்தச் சூ தூரத்திலேயே நிற்கும், பெடலும் தூரத்திலேயே பிடிக்கும்.

சமதரையில் விட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக்கில் உயர்த்தி, உயர்த்திய பின் கட்டாயம் ஸ்ராண்ட் வையுங்கள். வெறும் ஜக்கை நம்பிக் கீழே கையை விடாதீர்கள். சில்லு மூடியைக் கழற்றினால் சில்லிலும் ட்றத்திலும் ஒரு துவாரம் தெரியும். சில்லைக் கையால் சுழற்றி, அந்தத் துவாரத்துக்கூடாக அஜஸ்ரரின் வெட்டுத் தலை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். தட்டையான ஸ்குறூறைவரால் வலஞ்சுழியாக, ட்றம் அசையாமல் இறுகும்வரை திருப்பி, பிறகு ஒரே ஒரு கிளிக் பின்னுக்கு விடுங்கள். முன்னால் என்றால் சில்லை அரைச் சுற்றுச் சுற்றி மற்ற அஜஸ்ரருக்கும் இதையே செய்யுங்கள். பின் சில்லுக்குச் செய்யும்போது ஹாண்ட் பிறேக் முழுக்க விட்டிருக்க வேண்டும். பின் சில்லைச் சுழற்றினால் டிவ்றன்சியல் பல்லும் சேர்ந்து சுழல்வதால் கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கும். அதை பிறேக் உரசுகிறது என்று நினைத்து அளவுக்கு மேல் தளர்த்திவிடாதீர்கள். காதைக் கிட்ட வைத்தால் சூ உரசும் 'ஸ்ஸ்' சத்தம் வேறாகக் கேட்கும்.

ஹாண்ட் பிறேக் கேபிளை இதெல்லாம் முடிந்த பிறகுதான் தொட வேண்டும். பெடல் தூரத்தைக் குறைக்கலாம் என்று கேபிளை இறுக்கிவைத்திருந்த கார்களைக் கண்டிருக்கிறேன். சில நாள் நன்றாக இருக்கும். பிறகு பின் ட்றம் சூடேறிப் பாலைப்போல ஒயிலைக் கொதிக்கவைக்கும்.

அஜஸ்ரரை வைத்தே ஒரு சோதனையும் செய்யலாம். ஆறையும் ட்றம் பூட்டும்வரை இறுக்கிவிட்டு, பின்னுக்கு விடாமல், பெடலை மிதியுங்கள். சூ ஏற்கனவே ட்றத்தில் முட்டி நிற்பதால் வீல் சிலிண்டர் அசைய இடமில்லை. இப்போது பெடல் உயரத்தில் கல்லாக நின்றால் ஒயில் பக்கம் முழுக்கச் சுகம். இன்னும் பஞ்சாய் இருந்தால் அடுத்ததைப் பாருங்கள். என் கார் இதில் பஞ்சாகவேதான் இருந்தது. அதனால்தான் காற்று என்று இன்னும் உறுதியாக நம்பினேன்.

மூன்று ஹோஸ், மூன்று கிளாம்ப்

அண்ணை செய்யச் சொன்ன சோதனை இது. ஹோஸை நெரித்து மூடுகிற கிளாம்ப் மூன்று வேண்டும். வாய் உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும் அதற்கென்றே செய்த கிளாம்ப். குறட்டாலோ வைஸ் கிறிப்பாலோ நெரித்தால் ஹோஸின் உள்தோல் கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது. வெடித்து வரிவிழுந்த பழைய ஹோஸ் என்றால் இந்தச் சோதனையையே செய்யாமல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். எப்படியும் மாற்ற வேண்டியவைதான் அவை.

மூன்றையும் மூடிவிட்டுப் பெடலை மிதியுங்கள். கல்லாக நின்றால் மாஸ்ரர் சிலிண்டரும் அதிலிருந்து ஹோஸ்வரை போகும் பைப்பும் சுகம். பஞ்சாகவே இருந்தால் வருத்தம் மாஸ்ரர் சிலிண்டரிலோ அந்தப் பைப்பிலோதான், சில்லுப் பக்கம் போகவே தேவையில்லை. கல்லாக நின்றால் ஒவ்வொரு கிளாம்பாகக் கழற்றிக் கழற்றி மிதியுங்கள். எதைக் கழற்றும்போது கால் உள்வாங்குகிறதோ அந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது.

என் காரில் பின்னுக்குக் கழற்றியபோது சற்றே இறங்கியது, அது இயல்பு. முன் இடப்பக்கம் கழற்றியதும் ஸ்பிறிங் வந்தது. முன் வலப்பக்கத்துக்கும் அப்படியே. இரண்டு பக்கத்திலும் ஒரே அளவு காற்று, அதுவும் இரண்டு லீற்றர் ஒயில் ஓடிய பிறகு? அண்ணை சிரிக்கவில்லை. "சூவைக் கழட்டிக்கொண்டு வா" என்றார்.

சூவும் ட்றமும்

அம்மாவின் கண் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னர் முன் சூ நான்குக்கும் ஓரிடத்தில் புது லைனிங் தைப்பித்திருந்தேன். ஆணியடித்துத் தந்தார்கள், பார்க்க அழகாகவே இருந்தது. அண்ணை ஒரு சூவை எடுத்து, லைனிங்குக்கும் சூவின் இரும்புக்கும் இடையில் ஒரு கடுதாசித் துண்டைச் செருகிப் பார்த்தார். இரண்டு ஆணிக்கு நடுவில் கடுதாசி உள்ளே போனது. அந்த இடத்தில் லைனிங் இரும்பில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. நான்கில் இரண்டு சூ அப்படி. மிதிக்கும்போது முதலில் அந்த இடைவெளி அமுங்க வேண்டும், பிறகுதான் பிறேக். காலுக்கு அது ஸ்பிறிங்.

லைனிங்கை நடு ஆணியில் தொடங்கி இரண்டு பக்கமும் விளிம்பை நோக்கி அடித்துக்கொண்டு போனால் படியும். இரு முனையிலும் முதலில் அடித்தால் நடுவில் மேடு விழும். யாரிடம் கொடுத்தாலும் வாங்கும்போது கடுதாசி செருகிப் பாருங்கள். போகக்கூடாது.

இரண்டாவது விசயம் வளைவு. என் முன் ட்றம் தேய்ந்து உள்விட்டம் ஏழு அங்குலத்தைவிட 0.9 மில்லிமீற்றர் கூடியிருந்தது. புது லைனிங்கின் வளைவோ ஏழு அங்குலத்துக்கு உரியது. பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டத்தின் துண்டை வைத்தால் நடுவில் மட்டும்தான் முட்டும். இரு முனையும் காற்றில் நிற்கும். அழுத்தும்போது சூவே வில்லுப்போல விரிந்து முனைகளைத் தொடப் பார்க்கும். அதுவும் காலுக்கு ஸ்பிறிங். நான்கு சூவினதும் விரிவு ஒன்று சேர்ந்து பெடலில் பல மடங்காகத் தெரியும். அஜஸ்ரர் சோதனையில் ஆறையும் இறுக்கியும் பஞ்சாய் இருந்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது. ட்றம் நடுப்பகுதியில் பூட்டியிருந்ததே தவிர முனைகள் இன்னும் விரியக் காத்திருந்தன.

இதைக் கண்டுபிடிக்க வெண்கட்டி போதும். லைனிங் முழுவதும் வெண்கட்டியைப் பூசி, ட்றத்தைப் போட்டு, அஜஸ்ரரை மெல்ல உரசும்வரை இறுக்கி, ட்றத்தைக் கையால் சில சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். வெண்கட்டி அழிந்த இடம்தான் தொடும் இடம். என் சூவில் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அழிந்திருந்தது. குறைந்தது முக்கால்வாசியாவது அழிய வேண்டும்.

ட்றத்தைக் கடைந்தால் சரிவரும் என்று சொல்வார்கள். உள்முகம் கோடு விழுந்திருந்தால், நீள்வட்டமாகப் போயிருந்தால் கடையத்தான் வேண்டும். ஆனால் கடைந்தால் விட்டம் இன்னும் கூடும், லைனிங்கோடு பொருத்தம் இன்னும் குறையும். ஆகவே முதலில் ட்றம், பிறகு அந்த ட்றத்தின் அளவுக்குச் சூ. சற்றுத் தடித்த லைனிங் தைப்பித்து, லேத்தில் சூவைப் பூட்டி, அந்தந்தப் பக்கத்து ட்றத்தின் விட்டத்துக்குக் கடைந்து எடுக்க வேண்டும். எங்கள் சாவகச்சேரிப் பக்கத்திலேயே லேத்காரர் ஒருவர் செய்து தந்தார். எந்தச் சூ எந்த ட்றத்துக்கு என்று வர்ணத்தால் குறி போட்டுக் கொடுத்தேன், மாறினால் எல்லாம் வீண். லேத் வசதி இல்லாதவர்கள் ட்றத்தின் உள்முகத்தில் கரடான எமரித் தாளை ஒட்டி, அதில் சூவை முன்னும் பின்னும் தேய்த்தே வளைவைக் கொண்டுவரலாம். நேரம் எடுக்கும், தோள் நோகும், ஆனால் நன்றாக வரும். என் அனுபவத்தில் ட்றம் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் பெருத்துவிட்டதென்றால் மாற்று ட்றம் தேடுவதே நல்லது. சுவர் மெலிந்த ட்றம் சூட்டில் தானே விரியும், அதற்கு மருந்து கிடையாது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். ட்றத்தைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவதும், கொம்பிறசரால் அடிப்பதும் எங்கள் கராஜ்களில் வழமை. அந்தத் தூள் நுரையீரலில் தங்கி வருடக்கணக்கில் கழித்துக் கொல்லும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். புது லைனிங்கைத் தேய்க்கும்போதும் முகக்கவசம் போடுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

சூ கழற்றியிருக்கும்போது பின் வீல் சிலிண்டரையும் பாருங்கள். அது பாக் பிளேற்றில் இறுக்கிப் பூட்டப்பட்டதல்ல. ஒரு வெட்டுக்குள் முன்னும் பின்னும் சறுக்க வேண்டும். அப்படிச் சறுக்கினால்தான் இரண்டு சூவுக்கும் ஒரே சிலிண்டர் வேலை செய்யும். துருவும் சேறும் பிடித்து ஒட்டிப்போனால் ஒரு சூ மட்டும் தள்ளப்படும், பெடலும் நீளும். கையால் அசைத்தால் அசைய வேண்டும். துருவைச் சுரண்டி, சறுக்கும் இடத்தில் மட்டும் பிறேக்குக்கு உரிய கிறீஸ் மெல்லியதாய்ப் பூசுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் தூசி மூடியையும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமென்றால் கப் றபர் போய்விட்டது.

எயர் எடுப்பது

இதெல்லாம் பார்த்த பிறகு, அல்லது ஏதாவது பைப்பைத் திறந்த பிறகு, எயர் எடுக்கலாம்.

மைனரில் ஒயில் ஊற்றும் இடம் பொனெற்றுக்குள் இல்லை. சாரதியின் காலடியில் கார்ப்பெற்றைத் தூக்கி, தரையில் இருக்கும் சின்ன மூடித்தகட்டைக் கழற்றினால் கீழே சசியோடு மாஸ்ரர் சிலிண்டர் தெரியும். மூடியைத் திறக்கமுன் சுற்றிவர நன்றாகத் துடையுங்கள். அறுபது வருட மண் அந்த இடத்தில் இருக்கும். ஒரு மணல் உள்ளே விழுந்தால் றபரை வெட்டும். மூடியில் ஒரு நுண் துவாரம் உண்டு, காற்றுப் போய்வர. அது அடைந்திருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஒயில் மட்டம் வாயிலிருந்து அரை அங்குலம் கீழே நிற்கட்டும்.

வலக்கை ஓட்டு என்பதால் மாஸ்ரர் சிலிண்டர் வலப்பக்கம். தூரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம். சில்லுப் பக்கத்தில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் விட்ட போத்தலுக்குள் தாழ்த்தி வையுங்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளில். என் மகள்தான் மிதிப்பாள். "மிதி" என்றால் மிதிப்பாள், நான் நிப்பிளை அரைச் சுற்றுத் திறப்பேன், "அப்பா, இறங்கிட்டுது" என்பாள், மூடுவேன், "விடு" என்பேன். மூடமுன் கால் எடுத்தால் காற்று உள்ளே போகும், அதுமட்டும்தான் பயிற்சி. விட்ட பிறகு மூன்று நான்கு எண்ணும்வரை பொறுங்கள், மாஸ்ரர் சிலிண்டர் திரும்ப நிறைய வேண்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். வற்றவிட்டால் தொடக்கத்திலிருந்து.

பெடலின் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள், தரைவரை போகாதபடி. வழக்கமான ஓட்டத்தில் கப் றபர் சிலிண்டரின் முதல் பாதியில்தான் ஓடியிருக்கும். அதற்கு அப்பால் துருவும் படிவும். எயர் எடுக்கும்போது முழுக்க மிதித்தால் அந்தத் துருவுக்குள் றபர் போய் உதடு கிழிந்து வரும். நன்றாக இருந்த மாஸ்ரர் சிலிண்டர், எயர் எடுத்ததோடு போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்கு நடந்தது இதுதான்.

எவ்வளவு எடுத்தும் குமிழி வந்துகொண்டேயிருந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, நிப்பிள் சிலிண்டரின் மேற்பக்கம் நிற்கிறதா? இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், காற்றோ மேலே நிற்கும். மற்றது, மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் இருக்க வேண்டிய வால்வு. ட்றம் பிறேக்கில் காலை எடுத்த பிறகும் பைப்புக்குள் சிறிது அழுத்தத்தை, சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் அளவில், அந்த வால்வு பிடித்துவைக்கும். கப் றபரின் உதடு சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்க அதுதான் காரணம். றபர் மாற்றும்போது அதைக் குப்பையென்று எறிந்துவிட்டால் ஒவ்வொருமுறை பெடலை விடும்போதும் வீல் சிலிண்டர் வெளிக்காற்றை உறிஞ்சும்.

மாஸ்ரர் சிலிண்டரைத் தொட வேண்டி வந்தால்

பெடல் களவாக இறங்கி, ஈரமும் இல்லையென்றால் வேறு வழியில்லை. மைனரில் இது கழற்றப் பாடுபடுத்தும் சாமான். பூட்டிய போல்ட்டை வெளியே இழுக்க முன் சஸ்பென்சனின் ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்தக் கம்பி பாரத்தில் முறுகி நிற்கிறது, தவறி விடுபட்டால் கை போகும். முன்னர் செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கத்திலிருந்து போட்டால், அடுத்தமுறை கம்பியைத் தொடாமலே கழற்றலாம். ஐயாவின் காரில் யாரோ ஒரு நல்ல மனிதர் முன்னமே அப்படிப் போட்டிருந்தார்.

சிலிண்டரின் உள்சுவரில் நகம் தட்டுப்படும் குழி இருந்தால் புது றபர் ஒரு மாதம்கூட நிற்காது. உள்ளுறை போடுவிக்க வேண்டும், அல்லது புதிது. பூட்டிய பின், பெடலை விரல் நுனியால் தள்ளினால் முதலில் ஒரு சிறு வெற்று அசைவு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தள்ளுகோல் பிஸ்ரனை எப்போதும் அழுத்திக்கொண்டு நிற்கும், சிறு துவாரம் மூடிப்போகும், சூடேறிய ஒயிலுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. நாலு மைல் ஓடியதும் பிறேக் தானே பிடிக்கும்.

கழுவுவது எதனால் என்பதில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய காயம் உண்டு. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்ப்பிறேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எதைக் கழுவவும் கையில் இருந்தது அதுவே. ஐயா ஒருமுறை வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினார். ஒரு கிழமையில் கப் றபர் எல்லாம் ஊதி, கூழ்போல மெதுத்து, சில்லுகள் பூட்டிக்கொண்டன. பிறேக் றபருக்குப் பெற்றோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எல்லாமே நஞ்சு. மெதிலேற்றட் ஸ்பிறிற்றாலோ புது பிறேக் ஒயிலாலோ கழுவுங்கள். இன்றும் பழைய கராஜ்களில் மண்ணெண்ணெய்த் தாச்சி தயாராக இருக்கும். உங்கள் சிலிண்டர் அதற்குள் போகாமல் நின்று பாருங்கள்.

ஒயில்

டொட் 3 அல்லது டொட் 4 என்று போத்தலில் போட்டிருக்கும் பிறேக் ஒயில். புதிதாக இருக்கும்போது டொட் 3 கொதிப்பது 205 பாகை செல்சியசில், டொட் 4 இல் 230. இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டொட் 3 க்கு அந்தக் கணக்கு 140 ஆக இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பஞ்சு. எங்கள் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன், அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று போதும். திறந்து அரைவாசி வைத்த போத்தலை அடுத்த வருடம் பாவிக்காதீர்கள். சிலிக்கன் ஒயிலை இவற்றோடு கலக்கவே கூடாது. டொட் 3, டொட் 4 எது சிந்தினாலும் உடனே தண்ணீரால் கழுவுங்கள், பெயின்ற் உரிந்து வரும்.

எல்லாம் பூட்டி முடித்து, முற்றத்தில் வைத்துப் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்து, எங்கேயும் ஈரம் வரவில்லையென்று பார்த்தேன். பிறகு ஒழுங்கையில் நடை வேகத்தில், ஹாண்ட் பிறேக்கில் கையோடு. பிறகு இருபது மைல் வேகத்தில் பத்துப் பதினைந்துமுறை, இடையிடையே ஆறவிட்டு, லைனிங் படிய. ஒவ்வொரு ட்றத்தையும் புறங்கையால் கிட்டப் பிடித்துச் சூட்டை ஒப்பிட்டேன். முன் இரண்டும் ஒரே சூடு, பின் இரண்டும் ஒரே சூடு. பெடல் மூன்று விரல் அளவு இறங்கி அங்கேயே நின்றது, கல்லுப்போல. அடுத்த திங்கள் அம்மாவின் மற்றக் கண்ணுக்கு நாள் தந்திருந்தார்கள். நாவற்குழிப் பாலம் வர, "உந்த இடத்தில மெதுவாப் போ தம்பி" என்றார் பின் சீற்றிலிருந்து. மெதுவாகத்தான் போனேன்.